சத்தமாகப் பேசுகிறவர்களுக்கும் ஒரு நாற்காலி போடு

என் குரலைக் கேட்டாலே போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்கிற என் மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே. வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உன் அப்பாவுக்குச் சளி பிடித்திருந்தது, அதுவும் இப்போது தேவலை. போனில் பேச வேண்டியதைத் தாளில் எழுதுவதற்கு ஒரே காரணம்தான். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "அம்மா, மெதுவாப் பேசும்மா, பக்கத்துல ஆள் இருக்கு" என்பாய். மெதுவாகப் பேச வேண்டும் என்று நினைத்தாலே எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. எவ்வளவு கத்தினாலும் பக்கத்து நாற்காலிக்குக் கேட்காது. அதனால் ஆபீசர் ஐயா, கதவைச் சாத்த வேண்டியதில்லை, உட்கார்ந்து நிதானமாகப் படி.

போன வாரம் நீ கூப்பிட்டபோதே உன் குரல் சரியில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு வெறும் "ம்" வந்தது. என்னவென்று இரண்டாம் தடவை கேட்டதும் கொட்டிவிட்டாய். கிழக்குத் தெருவுக்குப் பேவர் பிளாக் கல் பதிக்கிறதற்காக நீ தென்காசிக்கும் உன் ஆபீசுக்குமாக அலையாய் அலைந்து வேலையை வாங்கி வந்தாய். வார்டுக் கூட்டத்தில் அதைச் சொன்னால் ஜனங்கள் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்துப் போனாய். அங்கே ஒரு பொம்பளை எழுந்து நின்று, மைக்கைக்கூட வாங்காமல், "கல்லைப் பதிக்கணும்னா ஒன் வீட்டுக்குள்ள கொண்டு போய்ப் பதி!" என்று கத்தினாள். கூட்டம் முழுக்கச் சிரித்தது. நீ பைலை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாய். "இனிமே கூட்டமும் கிடையாது, ஒண்ணும் கிடையாதும்மா. ஆளை வீடு வீடா அனுப்பிக் கையெழுத்து வாங்கிட்டு, மழைக்கு முன்னால வேலையை ஆரம்பிச்சிர வேண்டியதுதான். காட்டுக் கத்துல்லா கத்துதா அவ" என்று சொன்னாய். அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குச் சுருக்கென்று பட்டது. அதற்குப் பிறகு நீ பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

உன் மேல் கோபம் என்று நினைத்துவிடாதே மக்கா. நீ சொன்னதைக் கேட்டதும் எனக்கு அவள் மேல்தான் முதலில் ஆத்திரம் வந்தது. தறிச் சத்தத்துக்கு நடுவில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படித்துப் பரீட்சை எழுதின பிள்ளை. வேலைக்குச் சேர்ந்த வருஷம்கூட முடியவில்லை. செயல் அலுவலர் என்று பலகை எழுதி வைத்திருந்தாலும் மீசை இன்னும் ஒழுங்காக வளராத பிள்ளைதானே நீ. அவ்வளவு பேரையும் உன்னைப் பார்த்துச் சிரிக்க வைத்துவிட்டாளே, நான் அங்கே இருந்திருந்தால் அவளை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன் என்று அடுப்படியில் நின்று புலம்பினேன். உன் அப்பா டிவியைப் பார்த்துக்கொண்டே, "நீ கேட்டிருந்தா அவன் அவளை விட்டுட்டு ஒன்னப் பார்த்துல்லா ஓடியிருப்பான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகு யோசனையும் வந்துவிட்டது. அன்று முழுக்கத் தறிக்கு நூல்தார் சுற்ற உட்கார்ந்தபோதும் அதே யோசனைதான்.

நீ எட்டாவது படிக்கும்போது நடந்தது ஞாபகம் இருக்கிறதா? பெற்றோர் கூட்டத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். பொம்பளைப் பிள்ளைகள் கக்கூஸில் தண்ணீர் வரவில்லை என்று நான் எழுந்து சொன்னேன். நான் சாதாரணமாகத்தான் சொன்னேன். ஹாலில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், வராந்தாவில் போய்க்கொண்டிருந்த வாத்தியார்கூட உள்ளே எட்டிப் பார்த்தார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். வீட்டுக்கு வருகிற வழி முழுக்க நான் யாரோ எவளோ என்கிற மாதிரி முன்னால் முன்னால் நடந்தாய். வாசலுக்கு வந்ததும், "அடுத்த தடவை அப்பாவை அனுப்பும்மா" என்றாய். உன் அப்பாவை அனுப்பினால் அவருக்கு எதுவும் காதில் விழாது, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வருவார் என்று சொல்லி நான் சிரித்தேன். உள்ளே போய்க் கொஞ்சம் அழுதேன் என்பதையும் இப்போது சொல்லிவிடுகிறேன், நீ பெரிய ஆளாகிவிட்டாய், தாங்குவாய். மறுவாரம் அந்தக் குழாயில் தண்ணீர் வந்தது, அது வேறு விஷயம்.

எங்கள் தெருவில் யாருக்கும் மெல்லப் பேச வராது மக்கா. விடிந்ததிலிருந்து இருபக்கமும் தறி ஓடுகிறது. அடுத்த வீட்டில் கொஞ்சம் புளி கேட்க வேண்டும் என்றால்கூடத் தறிச் சத்தத்துக்கு மேலே ஏறித்தான் கேட்க வேண்டும். தறிக்கூடத்துக்குள் இருக்கிற ஆம்பளைகள் கையாலேயே பேசிக்கொள்வார்கள், நூல் அறுந்தால் ஒரு சைகை, டீ வந்தால் ஒரு சைகை. பொம்பளைகள் நாங்கள் தொண்டையால் பேசுகிறோம். தறி நின்றாலும் தொண்டை நிற்காது. உன் சித்தியைப் பெண் பார்க்க இளையரசனேந்தலிலிருந்து வந்தவர்கள், காபிக்குச் சர்க்கரை போதுமா என்று நாங்கள் கேட்டதையே சண்டை என்று நினைத்து மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக உன் மாமாவைக் கூப்பிட்டு, "இன்னொரு நாள் வேணா வாரோம், நீங்க முதல்ல பேசி முடிச்சிருங்க" என்றாராம். அந்தக் கல்யாணம் நடந்தது பெரிய அதிசயம்.

இப்போது நான் சொல்லப்போவது உனக்குப் பாதி தெரியும், மீதி தெரியாது. நீ பிளஸ் டூ படித்த வருஷம் நம் தெருவில் மழைத் தண்ணீர் வீடுகளுக்குள் வந்ததே, அது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு, கொஞ்ச வருஷம் கழித்து அதன் மேல் இன்னொன்று என்று போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது, வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. ஊர் ஊருக்கு நடக்கிற கூத்துதான். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் ஊருக்குத் திரும்பின மறுநாள் கொட்டின மழையில் சாக்கடை வாறுகால் நிரம்பித் தண்ணீர் நேரே தறிக்கூடத்துக்குள் வந்தது. தறியில் பூட்டியிருந்த பாவு நூல் நனைந்தது, மோட்டார் போயிற்று. உன் அப்பா முழங்கால் தண்ணீரில் நின்று மெயினை அணைக்கப் போனபோது எனக்கு உயிரே இல்லை. நீ புத்தகங்களைத் தறியின் மேல் அடுக்கி வைத்துவிட்டு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாய். அன்றைக்கு உனக்கு என் சத்தம் வெட்கமாக இல்லை, "அப்பாவைக் கூப்பிடும்மா, சத்தமாக் கூப்பிடும்மா" என்று சொன்னாய்.

அதற்குப் பிறகுதான் ரோட்டைப் பற்றிப் பேச முதல் கூட்டம் நடந்தது. தெருமுனையில் ஒரு அறையில் போட்டார்கள். பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் தறி ஓடுகிறது. நகராட்சி ஆபீசிலிருந்து ஒரு இன்ஜினியர் பிள்ளை வந்திருந்தாள், இருபத்தைந்து வயசு இருக்கும், கையில் குடை, தோளில் பை. நாங்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் ஆரம்பித்தோம். பாவு நனைந்த கதையை ஒருத்தி சொல்கிறாள், வாறுகால் அடைத்த கதையை இன்னொருத்தி சொல்கிறாள், நடுவில் தறி உரிமையாளர் சங்கத்துக்காரர்களும் தொழிலாளர் சங்கத்துக்காரர்களும் நோட்டீசில் யார் பெயரை முதலில் போட்டார்கள் என்று தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கூலி உயர்வு வருகிற வருஷமெல்லாம் அவர்கள் இருவருக்கும் ஆகாது, உனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "நீங்க எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்த பிறகு கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் எல்லோரும் ஒரே முடிவைத்தானே சொல்லிக்கொண்டிருந்தோம், பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு அப்புறம் போடு என்று!

இரண்டாவது கூட்டத்துக்கு நாள் குறிப்பதே பெரும்பாடாக இருந்தது. தறி ஓடுகிற நாளில் யாராலும் தறியை விட்டு வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லீவு. மகளிர் குழுவில் நான்தான் கேட்டேன், மாசத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்துகிறார்களே, அன்றைக்கு வைத்தால் என்ன என்று. நம் தெருவுக்கு அதுதானே திருநாள். கல்யாணத்துக்கு ஜவுளி எடுப்பதும், பல் பிடுங்கப் போவதும், சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போய் வருவதும் எல்லாம் அந்த ஒரு நாளில்தான். தண்ணீர் எங்கள் தெருவிலிருந்து வடிந்து பள்ளிவாசல் பக்கம் போய்த் தேங்கும், அதனால் அந்த ஜமாஅத்காரர்களையும் போய்க் கூப்பிட்டோம். எந்தச் சங்கத்தின் ஆபீசில் வைத்தாலும் இன்னொரு சங்கம் வராது என்று தெரிந்ததும் அவர்களே தங்கள் மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள். மேடையில் யார் உட்காருவது என்ற பேச்சு அங்கேயும் வந்தது. ஜமாஅத்துப் பெரியவர் ஒருத்தர், "மேடை அது பாட்டுக்கு இருக்கட்டும் வே, எல்லாரும் கீழ ஜமக்காளத்துல உக்காருவோம், எந்திரிக்கதுக்கும் லேசு" என்றார். ஆக நோட்டீசும் இல்லை, மேடையும் இல்லை. கரண்ட் இல்லாததால் மைக்கும் இல்லை, பேனும் இல்லை.

அந்த இன்ஜினியர் பிள்ளை திரும்ப வந்தாள் மக்கா. அதைத்தான் நீ கவனிக்க வேண்டும். வரவேண்டிய கட்டாயம் அவளுக்கு இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. வியர்த்து ஒழுக வந்து ஜமக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஊரே அமைதியாக இருக்கிறது, ஒரு தறிகூட ஓடவில்லை, சுவரில் பல்லி கத்தினால் கேட்கும். அந்த அமைதிக்குள் நாங்கள் வாயைத் திறந்தோம். அதே சத்தம்! குறைத்துப் பேச ஒருத்திக்கும் தெரியவில்லை. நான் எழுந்து வாறுகால் எங்கே அடைக்கிறது என்று சொல்ல ஆரம்பித்ததும் அந்தப் பிள்ளை கையைத் தூக்கிவிட்டு, "அம்மா, கோபப்படாதீங்க, சண்டை வேண்டாம்" என்றாள். எனக்கு விழுந்து விழுந்து சிரிப்பு. "சண்டையா? பேசிக்கிட்டுல்லாம்மா இருக்கோம்!" என்றேன். மண்டபம் முழுக்கச் சிரித்தது. அவள் ஒரு நிமிஷம் திருதிருவென்று முழித்தாள். அப்புறம் அவளும் சிரித்தாள். "அப்ப போன தடவையும் நீங்க பேசிக்கிட்டுத்தான் இருந்தீங்களா?" என்று கேட்டாள். "ஆமா, நீதான் எந்திரிச்சுப் போயிட்ட" என்றது தொழிலாளர் சங்கத்துக்காரர்களா உரிமையாளர் சங்கத்துக்காரர்களா என்று எனக்கு ஞாபகம் இல்லை, இருவரும் சேர்ந்துதான் சொன்னார்கள் என்று நினைக்கிறேன்.

அன்று அவளைத் தெருவில் கூட்டிக்கொண்டு போனோம். எந்த வீட்டு வாசல் எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று ஒவ்வொருவரும் காட்டினார்கள். பிறகு ரோட்டைச் சுரண்டினார்கள், தாழ்வாகப் போட்டார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். தெருவின் கடைசியில் இன்றைக்கும் கணுக்கால் அளவுக்குத் தேங்கத்தான் செய்கிறது, இரண்டு சங்கங்களும் இந்த வருஷம் கூலிக்காக மறுபடி முறைத்துக்கொண்டு நிற்கின்றன. ஆனால் வாறுகால் அடைத்தால் மட்டும் ஒருத்தரை ஒருத்தர் போன் பண்ணிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். தறிக்கூடத்துக்குள் அதற்கப்புறம் தண்ணீர் வரவில்லை. நீ பரீட்சைக்குப் படித்ததெல்லாம் அந்தக் காய்ந்த தரையில் உட்கார்ந்துதான்.

வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறேன் என்றாயே, வாங்கலாம். ஜனங்கள் போட்டும் தருவார்கள். நாங்கள் போடாத கையெழுத்தா? உலை கொதிக்கும்போது ஒரு ஆள் தாளை நீட்டினால், கொசு மருந்து அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து ஈரக் கையோடு போட்டு அனுப்புவோம். அந்தக் கையெழுத்தை வைத்து நீ வேலையை முடிக்கலாம், உன்னை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் தெருவில் ஒருத்தரும் அந்த ரோட்டைத் தன் ரோடு என்று நினைக்க மாட்டார்கள். நாளைக்கு ஒரு கல் பெயர்ந்தால் எடுத்து ஓரமாக வைக்கக்கூட ஆள் இருக்காது. உன் ஊரில் எந்தெந்தச் சங்கம் இருக்கிறது, மகளிர் குழு இருக்கிறதா, கோயில் கமிட்டி யார், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் யார் பேச்சைக் கேட்பார்கள் என்று நீ இன்னும் போய்ப் பார்க்கவில்லை என்று உன் பேச்சிலேயே தெரிந்தது. தலைவர்களைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினால் சங்கம் வந்துவிட்டதாக நினைத்துவிடாதே. பின்னால் சுவரோரம் நிற்கிறவளைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வை. சத்தமாகப் பேசுகிறவளுக்கு முதல் நாற்காலியைப் போடு, அவள் எப்படியும் பேசத்தான் போகிறாள்.

இனிமேல் எழுதப்போவதைப் படித்துவிட்டு நீ என்னை ஏசுவாய். ஏசிக்கொள். போன புதன்கிழமை சிவகிரியில் கல்யாணத்துக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னேனே, போனது உண்மை. சாப்பிட்டதும் உண்மை. ஆனால் சாப்பிட்டுவிட்டு நேரே நம்மூருக்குச் சங்கரன்கோவில் பஸ் ஏறவில்லை. உன் ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன். உன் ஆபீஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, நீ உள்ளே இருப்பாய் என்று தெரிந்தும் மனசை அடக்கிக்கொண்டு நேரே கிழக்குத் தெருவுக்கு நடந்தேன். கூட்டத்தில் கத்தினது யார் என்று கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை. தெருவுக்குள் நுழைந்ததுமே ஒரு சத்தம் கேட்டது. எங்கள் தெருச் சத்தம்! எனக்குப் பிறந்த வீட்டுக்குள் போன மாதிரி இருந்தது.

அவள் பெயர் வேலம்மாள். என்னைவிடக் கொஞ்சம் இளையவள். எலுமிச்சைத் தோட்டத்தில் காய் பறிக்கப் போகிறவள். ஒரு கோடியில் நின்று மறுகோடியில் இருக்கிற ஆளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை அப்படி ஆகிவிட்டது. நீ கூட்டம் வைத்த நாளில் காலை பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறாய், அவள் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அது உனக்குத் தெரியாது, நான் உன்னைக் குறை சொல்லவில்லை, இனிமேல் சாயங்காலம் வை. தண்ணீர் கேட்கிற சாக்கில் அவள் வீட்டு வாசலில் நின்றேன். "உள்ள வாங்கக்கா, பார்த்து இறங்குங்க" என்றாள். இறங்குங்க என்கிறாளே என்று கீழே பார்த்தேன். முன்னால் படி ஏறிப் போன வீடு மக்கா அது. ரோடு போட்டுப் போட்டுப் படியெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது, இப்போது ரோட்டிலிருந்து கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி வீட்டுக்குள் இறங்க வேண்டியிருக்கிறது. சுவரில் போன மழைக்குத் தண்ணீர் நின்ற கறை இன்னும் இருக்கிறது.

"இது மேல இன்னும் கல்லைப் பதிக்கப் போறாகளாம்க்கா" என்றாள். "எனக்கு ரோடு வேண்டாம்னா சொல்லுதேன்? பழசைத் தோண்டி எடுத்துட்டுப் போடுங்கன்னுதான் சொல்ல வந்தேன். எம்மக ஐப்பசியில பிள்ளை பெற இங்கனதான் வாரா. தலைப்பிள்ளை. தண்ணி உள்ள வந்துட்டுன்னா நான் தொட்டிலை எங்கன கட்டுவேன்?" அவள் சொல்லும்போது கண் கலங்கவில்லை, சத்தம்தான் இன்னும் கூடிற்று. கூட்டத்தில் அவள் சொன்னது முதல் வரிதான் மக்கா. ஆத்திரத்தில் அது அப்படி வந்துவிட்டது. ஜனங்கள் சிரித்ததும் அவளுக்கே சங்கடமாகிவிட்டதாம். அடுத்த வரியைச் சொல்ல வாயெடுப்பதற்குள் உன் நாற்காலி காலியாக இருந்திருக்கிறது.

"அடுத்த கூட்டத்துல சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்டேன். "இனிமே கூட்டமே இல்லைன்னுட்டாகளாம். அப்படியே போட்டாலும் அந்த ஆபீசர் என்னையப் பேச விடுவாரா? கோவிச்சுக்கிட்டுல்லா போனாரு. சின்னப் பிள்ளை, மூஞ்சியே வாடிப்போச்சு. நான் அப்படிச் சொல்லியிருக்கப்பிடாது" என்றாள். உன் முகம் வாடினதை அவள் கவனித்திருக்கிறாள் மக்கா. "விடுவான்" என்றேன். "அவன் இவன்னு பேசாதீங்கக்கா, யாரு காதுலயும் விழுந்திரப் போகுது!" என்று பதறினாள். "விழட்டும். நான் பெத்தவன்தான்" என்றேன். அவ்வளவுதான், கையிலிருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டில் பால் வாங்கி ஓடினாள், காபி போட்டாள், "யம்மா, நான் ஏசினதா நெனச்சுக்கிடாதீங்க, என் சத்தமே அப்படித்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "எஞ்சத்தமும் அப்படித்தான், அவன் அதைக் கேட்டே வளர்ந்தவன்" என்று சொன்னேன். நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு எதிர்வீட்டுக்காரி என்ன சண்டை என்று வந்து எட்டிப் பார்த்தாள்.

உன் கஷ்டமும் எனக்குத் தெரியாமல் இல்லை. பழசைத் தோண்டுவதென்றால் எஸ்டிமேட்டை மாற்ற வேண்டும், மேலே இருப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், அதற்குள் மழை வந்து நிற்கும். முடியாவிட்டால் முடியாது என்பதையும், எவ்வளவு நாள் ஆகும் என்பதையும் அவர்களிடமே சொல். முதலில் வாறுகாலையாவது தூர்வாரலாமா, அவள் வீட்டு வாசலில் மட்டுமாவது தாழ்த்த முடியுமா என்று அவர்களையே கேள். தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது அங்கே மழையில் நின்றவர்களுக்குத் தெரியும். உனக்கு அவமானமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும் கண்ணு. அந்தக் கூட்டத்தில் மறுபடி போய் நிற்பது லேசான காரியம் இல்லை. நம் தெருவுக்கு அந்தக் குடைக்காரப் பிள்ளை திரும்ப வந்தாளே, அவளுக்கும் அன்று அது லேசாக இருந்திருக்காது. அவள் வராமல் போயிருந்தால் நம் வீட்டில் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வேலம்மாள் என் கூடவே வந்தாள். கட்டைப் பை நிறைய எலுமிச்சை கொடுத்தாள், ஊறுகாய் போட்டிருக்கிறேன், கூட்டத்து அன்றைக்கு வரும்போது உனக்குக் கொண்டு வருகிறேன். ஆமாம், நான் வருவேன், கடைசியில் உட்காருவேன், வாயைத் திறக்க மாட்டேன், திறந்தாலும் நீ என்னைத் தெரியாதவன் மாதிரி இருந்துகொள். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வண்டி நகர ஆரம்பித்ததும் அவளுக்கு என்ன தோன்றிற்றோ, பின்னாலேயே நாலு எட்டு ஓடி வந்து, "யக்கா, நெசமாவே என்னையப் பேச விடுவாரா?" என்று கத்தினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, இந்த ஐம்பது வயசில் என் தொண்டையில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவையும் எடுத்து, "விடுவான்!" என்று கத்தினேன். உன் ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள், மக்கா.